'பட்டன்... பட்டன்... பட்டன்...' - பெயரில்லாத பொத்தான்களுக்குப் பெயர் வைத்த போன் அக்கா!

திருச்சியில் ஒரு சீட்டு நிறுவனம். காலை 10 மணிக்கு ஷட்டர் ஏறியதுமே முதல் போன் வந்துவிடும்.

"ஏம்மா, என் சீட்டுல எத்தனை தவணை பாக்கி?"

காய்கறிக் கடைக்காரர், டெய்லர், ரிட்டயர்டு வாத்தியார்... யார் கேட்டாலும் சில நொடிகளில் பதில் தயார். "ரெண்டு தவணை நிக்குதுங்க ஐயா. அஞ்சாம் தேதிக்குள்ள கட்டிட்டீங்கன்னா அபராதம் வராது."

பதில் சொல்பவரை எல்லாரும் 'போன் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது நாற்பதை நெருங்குகிறது. அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. போனில் பேசும் பலருக்கு இன்றுவரை அது தெரியாது.

ஒரு காதில் போன் ஹெட்செட். இன்னொரு காதில் கம்ப்யூட்டரின் இயர்போன். திரையில் இருப்பதை அந்த இயர்போனில் வாசித்துச் சொல்கிறது 'ஸ்கிரீன் ரீடர்' என்ற மென்பொருள். அது பேசும் வேகத்தில் நமக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. அவருக்கு அது சாவகாசமான பேச்சு. மவுஸைத் தொடுவதே இல்லை. பெயரைத் தட்டுவது, பாக்கியைப் பார்ப்பது, ரசீதைப் பதிவது எல்லாமே கீபோர்டில்தான்.

பல வருடங்களாகச் சிக்கல் இல்லாமல் ஓடிய இந்த ஏற்பாடு, ஒரு திங்கட்கிழமை காலையில் நின்றுபோனது.

புது சாஃப்ட்வேர் வந்தது... பேச்சு நின்றது

நிறுவனத்தில் பழைய சாஃப்ட்வேரை மாற்றிவிட்டுப் புதியதைப் போட்டிருந்தார்கள். "பளபளன்னு இருக்கு" என்று பக்கத்து சீட்டில் பேசிக்கொண்டார்கள். பெரிய பெரிய படங்கள், கலர் கலரான பொத்தான்கள்.

போன் அக்கா 'டேப்' கீயைத் தட்டினார். காதில், "பட்டன்" என்றது ஸ்கிரீன் ரீடர். மறுபடி தட்டினார். "பட்டன்". இன்னொரு முறை. "பட்டன்". மொத்தம் 11 பொத்தான்கள். ஒன்றுக்கும் பெயர் இல்லை.

எது சேமிக்கும், எது அழிக்கும், எது பிரின்ட் எடுக்கும்? அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால், அது ஊரார் பணம். ஒரு பொத்தான் தவறினால் யாரோ ஒருவரின் ஆறு மாதத் தவணை கணக்கிலிருந்து காணாமல் போகலாம்.

பாக்கித் தொகை திரையின் அடியில் ஒரு மூலையில் வந்தது. டேப் கீயால் அங்கே போகவே முடியவில்லை. ஸ்கிரீன் ரீடரின் வேறு கட்டளைகளை வைத்துத் தேடிப் போனால் பதினைந்து, இருபது கீகளைத் தட்ட வேண்டியிருந்தது. அதற்குள் எதிர்முனையில், "லைன்ல இருக்கியாம்மா?" என்று குரல் வந்துவிடும்.

மேலாளர் நல்ல மனிதர். மூன்றாவது நாள் அவரே வந்து சொன்னார். "நீங்க ஏம்மா கஷ்டப்படுறீங்க? போனை எடுத்து, யாருன்னு கேட்டு, பக்கத்து சீட்டுக்கு மாத்தி விட்டுடுங்க. அது போதும். சம்பளத்துல ஒரு ரூபா குறையாது."

அவர் தலையாட்டினார். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கணவரிடம் சொன்னார்: "சம்பளம் குறையாதாம். நான்தான் குறைஞ்சு போவேன்."

பெயரிலேயே 'வேலை'

உலகம் முழுக்க பார்வையற்றவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்தே இந்தச் சிக்கல் இருக்கிறது. அதற்கான வழியைத் தேடியவர்களிலும் பார்வையற்றவர்களே முன்னால் நின்றிருக்கிறார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த டெட் ஹென்டர் ஓர் இன்ஜினீயர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரரும்கூட. 1978-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் பார்வை போனது. அதன்பிறகு கம்ப்யூட்டர் புரோகிராமிங் பக்கம் வந்தார். 1987-ல் பில் ஜாய்ஸ் என்பவரோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். 1989-ல் அவர்கள் கொண்டுவந்த ஸ்கிரீன் ரீடரின் பெயர் 'ஜாஸ்'. 'ஜாப் ஆக்சஸ் வித் ஸ்பீச்' என்பதன் சுருக்கம். பேச்சின் துணையோடு வேலைக்குள் நுழைவது என்று அர்த்தம் சொல்லலாம்.

விண்டோஸுக்கான ஜாஸ் 1995-ல் வந்தது. அதன் பெரிய பலம், ஸ்கிரிப்ட். ஒரு மென்பொருள் ஸ்கிரீன் ரீடரோடு ஒத்துப்போகவில்லை என்றால், அந்த மென்பொருளுக்கு மட்டுமான சின்னக் குறிப்புகளை எழுதிச் சேர்க்கலாம். 'இந்தப் பொத்தானுக்கு இதுதான் பெயர்', 'இந்தக் கீயைத் தட்டினால் அந்த மூலையில் உள்ள தொகையை வாசி' என்று சொல்லிக்கொடுக்கும் குறிப்புகள் அவை. புதிதாக வேலைக்கு வரும் உதவியாளருக்கு அலுவலகத்தைச் சுற்றிக் காட்டுவது மாதிரி.

ஆனால், ஜாஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது. நம் ஊர்ச் சம்பளத்துக்கு அது எட்டாத விலை. அந்த இடத்தில்தான் ஆஸ்திரேலியாவின் இரண்டு இளைஞர்கள் வருகிறார்கள். மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே. இருவரும் பார்வையற்றவர்கள். சிறுவயதில் பார்வையற்ற குழந்தைகளுக்கான ஓர் இசை முகாமில் சந்தித்துக்கொண்டவர்கள். பார்வையுள்ளவர் கம்ப்யூட்டர் வாங்கினால் திரை கூடவே வருகிறது. பார்வையற்றவர் மட்டும் அதே திரைக்கு ஏன் இன்னொரு முறை பணம் கட்ட வேண்டும்? 2006-ல் கர்ரன், 'என்.வி.டி.ஏ' என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கினார். பிறகு டே சேர்ந்துகொண்டார். 'பைத்தான்' என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்ட அதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், தங்களுக்கு வேண்டியதைச் சேர்க்கலாம். இன்று தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது.

போன் அக்காவின் காதில் பேசிக்கொண்டிருப்பதும் இதே என்.வி.டி.ஏ-தான்.

"ஸ்கிரிப்ட் எழுதிடு தங்கச்சி!"

அவருக்கு ஸ்கிரிப்ட் பற்றிச் சொன்னவர், முன்பு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் கூடப் படித்த சீனியர். அவருக்கும் பார்வை கிடையாது. இப்போது கோவையில் ஒரு வங்கியில் வேலை.

"அண்ணே, என் வேலை போகல. ஆனா போன மாதிரிதான் இருக்கு" என்று போனில் ஆரம்பித்தவருக்கு அழுகை முட்டியது.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அழுவுறதுக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. பேர் இல்லாத பட்டனுக்கு நம்மளே பேர் வெச்சுக்கலாம். பொத்தான் மேல நின்னுக்கிட்டு இன்சர்ட்டையும் எஃப் ஒன்னையும் தட்டு. உள்ளுக்குள்ள ஒரு நம்பர் இருக்கான்னு பார்த்துச் சொல்லு."

தட்டினார். திரையில் ஒரு பக்கம் திறந்தது. அந்தப் பொத்தானைப் பற்றி கம்ப்யூட்டருக்குத் தெரிந்த தகவலெல்லாம் அதில் வரிசையாக இருந்தன. நடுவில், 'கன்ட்ரோல் ஐடி' என்று ஒரு நம்பர். பெயர் வைக்காமல் விட்ட பொத்தானுக்கும் நம்பர் இருந்தது! 11 பொத்தான்களுக்கும் 11 நம்பர்.

நம்பர் கிடைத்துவிட்டது. ஆனால், எந்த நம்பர் என்ன வேலை செய்யும்? அதைச் சொல்ல பார்வையுள்ள ஒருவர் வேண்டும். அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்திருந்த 21 வயதுப் பெண்ணைக் கூப்பிட்டார். மதிய உணவு இடைவேளையில் இருவரும் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"முதல் பட்டன்ல பிளஸ் போட்டிருக்குக்கா."

"அப்போ புதுப் பதிவு. அடுத்தது?"

"குப்பைத்தொட்டி."

"அழிக்கிறது. அடுத்தது?"

"இது... சதுரமா ஒரு படம்க்கா. ஒரு ஓரம் மட்டும் வெட்டியிருக்கு. மேல சின்னதா ஒரு தகடு மாதிரி. என்னன்னே தெரியலையே!"

போன் அக்கா சிரித்துவிட்டார். "ஃப்ளாப்பிடா அது! சேமிக்கிற பட்டன்!"

அவர் படித்தது பார்வையற்ற மாணவிகளுக்கான விடுதிப் பள்ளியில். அங்கே கம்ப்யூட்டர் டீச்சர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃப்ளாப்பியைக் கொடுத்து, தடவிப் பார்க்கச் சொன்னார். வெட்டிய ஓரம், நகரும் தகடு, பின்பக்கம் வட்டமான உலோகம். இருபது வருடங்களுக்கு மேலாகியும் விரல் மறக்கவில்லை. ஃப்ளாப்பியையே பார்த்திராத அந்தப் பெண், "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று வாயைப் பிளந்தாள்.

காதில் விழாத இரண்டு புள்ளிகள்

கோவை அண்ணன் ஸ்கிரிப்டை எழுதித் தரவில்லை. எழுதச் சொல்லிக்கொடுத்தார். "நாளைக்கு அது ரிப்பேர் ஆனா, நீ எனக்காகக் காத்திருக்கக் கூடாது பாரு" என்றார்.

எழுத வேண்டிய விஷயம் எளிமையானதுதான். பொத்தானின் நம்பர் இது என்றால், அதன் பெயர் 'சேமி'. ஒரு பொத்தானுக்கு இரண்டு வரி. அந்தச் சீட்டு சாஃப்ட்வேருக்கு என்ன பெயரோ, அதே பெயரில் அந்தக் கோப்பை என்.வி.டி.ஏ-வுக்குள் போட்டுவைத்தால், சாஃப்ட்வேர் திறக்கும்போதெல்லாம் ஸ்கிரிப்டும் தானாக விழித்துக்கொள்ளும்.

பைத்தானில் ஒரு சிக்கல் உண்டு. எந்த வரி எந்த வரிக்குக் கீழே வருகிறது என்பதை, வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை வைத்துத்தான் அது புரிந்துகொள்ளும். இடைவெளியைக் காதால் எப்படிக் கேட்பது? அதற்கும் என்.வி.டி.ஏ-வில் வழி இருந்தது. இடைவெளி கூடக்கூட 'பீப்' ஒலியின் சுருதியும் ஏறும். போன் அக்கா சுருதியைக் கேட்டே வரிகளை அடுக்கினார்.

இருந்தும் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. இரண்டு ராத்திரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வரி வரியாகக் கேட்டார். எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் அண்ணன் கேட்டார். "நிறுத்தற்குறி எல்லாத்தையும் படிக்குதா உனக்கு? இன்சர்ட்டோட 'பி' தட்டி, 'ஆல்'னு வர்ற வரைக்கும் மாத்து."

மாற்றிவிட்டு மறுபடி கேட்டார். ஒரு வரியின் முடிவில் வர வேண்டிய 'கோலன்', அந்த இரண்டு புள்ளிகள் விடுபட்டிருந்தன. வழக்கமான அமைப்பில் ஸ்கிரீன் ரீடர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் இருந்ததும் இல்லாததும் காதுக்கு ஒன்றாகவே பட்டிருக்கிறது.

புள்ளிகளை வைத்தார். சாஃப்ட்வேரைத் திறந்தார். டேப் கீ.

"புதியது, பட்டன்." டேப். "நீக்கு, பட்டன்." டேப். "சேமி, பட்டன்."

அடுத்த வாரம் இன்னொரு ஸ்கிரிப்டும் சேர்ந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. மூன்றையும் சேர்த்துத் தட்டினால், மூலையில் ஒளிந்திருந்த பாக்கித் தொகை நேராகக் காதுக்கு வந்தது. அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அக்கா, இதனால நம்ம சாஃப்ட்வேர் ஏதாவது ஆயிடாதே?"

"உன் சாஃப்ட்வேரை இது தொடவே தொடாதுப்பா. என் காதுல என்ன சொல்லணும்னு என் ரீடருக்குத்தான் சொல்லித் தருது" என்றவர், கோப்பைத் திறந்து காட்டினார். மொத்தமே 40 வரிகள்தான். தம்பி படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மேலாளர், 'பக்கத்து சீட்டுக்கு மாத்தி விடுங்க' என்ற பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

தவறான பெயரைவிட மௌனம் மேல்

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். நான்கு மாதம் கழித்து சாஃப்ட்வேருக்கு ஓர் 'அப்டேட்' வந்தது. புதிதாக ஒரு பொத்தானைச் சேர்த்திருந்தார்கள். உள்ளுக்குள் நம்பர்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. வெளியே யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அன்று ஒரு ரசீதைப் பதிந்துவிட்டு டேப் தட்டினார் போன் அக்கா. "சேமி" என்றது காது. என்டரை அழுத்தினார். உடனே ஒரு கேள்வி வந்தது. 'இந்தப் பதிவை நீக்கவா? ஆம், இல்லை.'

விரல் அப்படியே நின்றுவிட்டது. குப்பைத்தொட்டிக்குப் போய்விட்ட 'சேமி' என்ற பெயரை வைத்தது வேறு யாரும் அல்ல, அவரேதான். அந்த ஒரு கேள்வி மட்டும் வராமல் இருந்திருந்தால்..? 'எஸ்கேப்' கீயைத் தட்டிவிட்டு, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அன்று மாலை அண்ணனிடம் சொன்னபோது, அவர் திட்டவில்லை. "பேர் இல்லாத பட்டன்னா பயந்து நிப்போம். தப்பான பேர் இருந்தா தைரியமா அழுத்திடுவோம். அதான் ஆபத்து" என்றார்.

அந்த ராத்திரி ஸ்கிரிப்டின் தலையில் சில வரிகளைச் சேர்த்தார் போன் அக்கா. சாஃப்ட்வேரின் பதிப்பு எண்ணை முதலில் பார். எனக்குத் தெரிந்த எண்ணாக இருந்தால் மட்டும் பெயர்களைச் சொல். இல்லையென்றால் ஒரு பெயரும் சொல்லாதே. 'புதுப் பதிப்பு, சரிபார்க்கவும்' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இரு.

காலியாக இருந்த கட்டம்

மறுநாள் மேலாளரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். கூடவே ஒரு கோரிக்கையும் வைத்தார். "இந்த சாஃப்ட்வேர் எழுதினவங்ககிட்ட ஒரே ஒரு தடவை நான் பேசணும் சார்."

சென்னையிலிருந்து பேசினார் ஓர் இளம் புரோகிராமர். "மேடம், உங்களுக்குன்னு தனி வெர்ஷன் பண்ணணும்னா செலவாகுமே..."

"தனியா எதுவும் வேணாம் தம்பி. நீங்க பட்டன் வைக்கும்போது, அதுக்குப் பேர் எழுதுற கட்டம் ஒண்ணு இருக்கும்ல? அது காலியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம். கொஞ்ச நேரம் மௌனம்.

"ஆமா மேடம்... காலியாத்தான் இருக்கு. படம் போட்டாச்சே, பேர் எதுக்குன்னு விட்டுட்டோம்."

அந்தக் கட்டம் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. ஒருவர் ஒருமுறை அதை நிரப்பியிருந்தால், இன்னொருவர் இரண்டு ராத்திரி இரண்டு புள்ளிகளைத் தேடியிருக்க வேண்டாம்.

கேட்பதற்கு அவருக்கு உரிமையும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ம் ஆண்டுச் சட்டம், தகவல் தொழில்நுட்பம் அவர்களும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. அரசு வேலைகளில் அவர்களுக்கு 4 சதவிகித இட ஒதுக்கீட்டையும், அதில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1 சதவிகிதத்தையும் தருகிறது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று தீர்ப்பளித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் இந்தியாவில் 50 லட்சம் பேருக்கும் மேல். வேலை கிடைப்பது ஒரு பாதி. அந்த வேலையைச் செய்யவிடும் கம்ப்யூட்டர் மறுபாதி.

அடுத்த அப்டேட்டில் எல்லாப் பொத்தான்களுக்கும் பெயர் வந்துவிட்டது. போன் அக்கா தான் எழுதிய ஸ்கிரிப்டைத் திறந்து, பெயர் வைத்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்தார். வருத்தமே இல்லையாம். "தேவை இல்லாமப் போகணும்னுதானே எழுதுனோம்" என்கிறார். பாக்கித் தொகையைச் சொல்லும் ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்த மூலை இன்னமும் டேப் கீக்கு எட்டவில்லை. அது அடுத்த போனுக்கான விஷயம்.

அதே சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த, ஈரோட்டிலுள்ள பார்வையற்ற இளைஞர் ஒருவருக்கும் கோவை அண்ணன் வழியாக அந்தக் கோப்பு போயிருக்கிறது. 'தலையில் உள்ள பதிப்பு எண்ணை மட்டும் அழிச்சிடாதீங்க தம்பி' என்று வாய்ஸ் மெசேஜும் கூடவே போனது.

போன வாரம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய ஃப்ளாப்பியைத் தேடி எடுத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். பயிற்சிப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து, "கண்ணை மூடிட்டுத் தடவிப் பாரு" என்றார்.

"ஓரம் வெட்டியிருக்குக்கா... இங்க ஒரு தகடு நகருது!"

அதற்குள் போன் அடித்தது. போன் அக்கா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

"வணக்கம். சொல்லுங்கம்மா... உங்க சீட்டா? ஒரு நிமிஷம்." கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. "பாக்கி எதுவும் இல்லம்மா. எல்லாம் கட்டியிருக்கீங்க."